சுற்றி வரும் மனு

மனு எழுதுவதை எளிதான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். வருகிறவர் கையில் பெரும்பாலும் காகிதம் எதுவும் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரனின் தாத்தா காலத்துச் சண்டையில் தொடங்குவார். எது குற்றம், எது வருத்தம், எது பழைய பகை என்று பிரித்தெடுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் அடக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் ஸ்டேஷனில் யாரும் படிக்க மாட்டார்கள்.

நெல்லை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். ஆரம்பத்தில் ரெமிங்டன் தமிழ் டைப்ரைட்டரும் கார்பன் தாளும்தான். மூன்றாவது நகலில் எழுத்து மங்கிவிடும், அந்த மங்கிய நகல்தான் மனுதாரருக்குக் கிடைக்கும். இப்போது கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் எல்லாம் வந்துவிட்டன. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எல்லா மனுவும் அடிக்கிறேன். பட்டா மனு போட்டவர் இரண்டாம் முறை வந்தால் சலித்துக்கொள்வார். போலீஸ் புகார் கொடுத்தவர் இரண்டாம் முறை வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். திருடு கொடுத்ததை விட, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டதைத்தான் அதிக நேரம் பேசுவார்.

தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாள், நேரம், இடம் மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நகை என்றால் எத்தனை பவுன், என்ன மாடல், பில் இருக்கிறதா என்று எழுத வேண்டும். அம்மா போட்டு அனுப்பிய சங்கிலிக்கு யார் பில் வைத்திருப்பார்கள்? அதனால் கல்யாண போட்டோவில் கழுத்தில் சங்கிலி தெரிந்தால் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துவிடுவேன். எதிரியின் பெயர் தெரிந்தால் அப்பா பெயரோடு எழுத வேண்டும், தெரியாவிட்டால் அடையாளம் எழுத வேண்டும். சந்தேகத்தை நடந்ததாக எழுதக் கூடாது. "என் கொழுந்தன்தான் எடுத்தான்னு எழுதுங்க அண்ணாச்சி" என்பார்கள். பார்த்தீர்களா என்று கேட்டால் பார்க்கவில்லை என்பார்கள். அதை எழுதினால் ஸ்டேஷனில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "குடும்பத் தகராறு, பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து அடித்த மனுவும் ஸ்டேஷன் வாசலில் முதலில் சந்திப்பது ஒரு கேள்வியைத்தான்: "திருட்டுன்னு எதுக்கு எழுதிருக்கீரு? தொலஞ்சு போச்சுன்னு எழுதிட்டு வாரும்." செல்போனைப் பஸ் ஸ்டாண்டில் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடியிருப்பான். அது வழிப்பறி. ஆனால் தொலைந்துபோனது என்று எழுதினால் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடும். பறித்தான் என்று எழுதினால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், யாரையாவது தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மேலே பதில் சொல்ல வேண்டும். திரும்பி என்னிடம் வந்து, "அவ்வோ சொன்ன மாதிரியே அடிச்சுக் கொடுத்துருங்க, புது சிம் வாங்கணும்" என்று கேட்கும் பையன்கள் உண்டு. சிம்முக்கு அது போதும். ஆனால் அந்தப் பஸ் ஸ்டாண்டில் போன் பறிக்கிறார்கள் என்ற விஷயம் எந்தக் கணக்கிலும் ஏறாமலே போய்விடுகிறது.

ஏன் இப்படி என்று எனக்கு விளக்கியவர் ஓய்வுபெற்ற ரைட்டர் ஏட்டு ஒருவர். மாலையில் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். மாதம் ஒருமுறை எஸ்.பி. கிரைம் மீட்டிங் நடத்துவார். எத்தனை கேஸ், எத்தனை கண்டுபிடிப்பு, எவ்வளவு சொத்து மீட்பு என்று ஒவ்வொரு இன்ஸ்பெக்டரையும் நிற்க வைத்துக் கேட்பார்கள். பத்து திருட்டைப் பதிந்து மூன்றைக் கண்டுபிடித்தவர் திட்டு வாங்குவார். நான்கை மட்டும் பதிந்து மூன்றைக் கண்டுபிடித்தவர் பாராட்டு வாங்குவார். "பதியாத கேசுக்கு மெமோ கிடையாது தம்பி" என்றார் ஏட்டையா. அவர் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோயில் கொடைக்குப் பந்தோபஸ்து, மந்திரி வந்தால் பந்தோபஸ்து, கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் எஸ்கார்ட், இடையில் ஒரு ஜாதிச் சண்டை. இதையெல்லாம் பார்க்கிற அதே ஆள்தான் ஆடு திருடனையும் தேட வேண்டும். சட்டம் ஒழுங்கையும் குற்றப் புலனாய்வையும் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே சொல்லிவிட்டது. எங்கள் ஊர் ஸ்டேஷனில் அதற்கான அறிகுறி எதையும் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் ஆள் பற்றாக்குறை என்பது விசாரணை தாமதமாவதற்குத்தான் காரணம். புகாரை வாங்கிப் பதிவதற்கு ஒரு பேனா போதும்.

எஃப்.ஐ.ஆர். போடாமல் ஆளை அனுப்பிவைக்க இருக்கிற வழிதான் சி.எஸ்.ஆர். கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் மனுவை ஏற்றி, நம்பர் போட்டு ஒரு ரசீது தருவார்கள். அந்த ரசீதைக் கையில் வாங்கியதும் பாதிப் பேருக்குக் கோபம் தணிந்துவிடும். அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் ஒரு பிரதி உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். முடிவில் குற்றப்பத்திரிகையோ, கேசை முடிக்கிறோம் என்ற அறிக்கையோ கோர்ட்டுக்கு வந்தே தீர வேண்டும். அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் அதைப் பார்த்துவிடுகிறார். சி.எஸ்.ஆர். அந்த ஸ்டேஷன் படியைத் தாண்டுவதில்லை. அங்கேயே பிறந்து அங்கேயே முடியும்.

வாழை விவசாயி ஒருவரைச் சொல்கிறேன். ஃபைனான்சில் எடுத்த டி.வி.எஸ். எக்ஸ்எல், தவணை இன்னும் முடியவில்லை. பேத்திக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் வருவதற்குள் வண்டியைக் காணோம். ஸ்டேஷனில், "அக்கம்பக்கத்துல தேடிப் பாரும், யாராவது அவசரத்துக்கு எடுத்துட்டுப் போயிருப்பான், ரெண்டு நாள் கழிச்சு வாரும்" என்றார்கள். மனிதர் சொன்னபடியே தேடினார். ஆஸ்பத்திரிக்கு எதிரே உரக்கடை. அந்தக் கடைக்காரரிடம் கெஞ்சி கேமரா பதிவைப் பார்த்திருக்கிறார். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் வண்டியின் ஹேண்டில் லாக்கை ஒரே உதையில் உடைத்து, ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போகிறான். அடுத்து எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்க்க மெடிக்கல் ஷாப், அதற்கடுத்து ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக் கேமராவில் முகம் தெளிவாக விழுந்திருந்தது. பேரனை விட்டு எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி, வேட்டி முனையில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அதைப் போட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. "வச்சுட்டுப் போரும்" என்றார்கள். வைக்காமல் என்னிடம் வந்தார். முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்து, "இதுக்கு மேல என்னய்யா துப்பு வேணும்? ஆளையும் நாந்தான் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்தணுமா?" என்றார்.

அவரை உடனே இன்னொரு பென்டிரைவ் வாங்கிவரச் சொல்லி நகல் எடுத்துக் கொடுத்தேன். கடைக் கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். கொஞ்ச நாள் தள்ளிப்போனால் கட்டம் போட்ட சட்டைக்காரனும் இல்லை, ஹேண்டில் லாக்கும் இல்லை. ஸ்டேஷனில் "ரெண்டு நாள் கழிச்சு வாரும்" என்று சொல்லும்போது அழிவது இதுதான். திருட்டுக்குச் சாட்சி சொல்ல ஆள் முன்வராத காலத்தில் கேமராதான் சாட்சி, அந்தச் சாட்சிக்கோ ஆயுள் குறைவு.

வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. அவருக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். அது இல்லாமல் இன்சூரன்ஸ்காரர் பேசவே மாட்டார். பிறகு, தேடினோம், வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தருகிற சான்றும் வேண்டும். இதில் தேதி முக்கியம். திருட்டு நடந்ததும் போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிந்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஜனவரியில் சொன்னது. ஆனால் எஃப்.ஐ.ஆரே தாமதமானால்? சும்மா கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதையாவது பத்திரமாக வைத்திருங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். புகார் கொடுத்த தேதிக்கு அது ஒன்றே சாட்சி. இன்னொரு பயமும் உண்டு. அந்த வண்டியில் போய் எவனாவது சங்கிலி பறித்தாலோ யார் மேலாவது மோதினாலோ, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வாழைக்காரர் பெயர்.

ஸ்டேஷனில் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்கு எழுத்து மூலமாகத் தபாலில் அனுப்பு என்கிறது சட்டம். பழைய சட்டத்தில் பிரிவு 154(3), 2024-ல் வந்த புதுச் சட்டத்தில் 173(4). எஸ்.பி.யே விசாரிக்கலாம் அல்லது கீழே உள்ள அதிகாரியை விசாரிக்கச் சொல்லலாம். நடப்பது இரண்டாவது. எஸ்.பி. ஆபீஸ் டி.எஸ்.பி.க்கு அனுப்பும், டி.எஸ்.பி. ஆபீஸ் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பும். எந்த மேசையில் வாங்க மறுத்தார்களோ, மனு சீல் மேல் சீல் குத்திக்கொண்டு அதே மேசைக்கு வந்து சேரும். புதன்கிழமை எஸ்.பி. ஆபீசில் நேரில் மனு வாங்குகிறார்கள், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் வாங்குகிறார்கள். முதல்வர் தனிப்பிரிவு இருக்கிறது, 1100 என்ற எண் இருக்கிறது. "நகல் டி.ஜி.பி.க்கும் போடுங்க, உள்துறைக்கும் போடுங்க, மனித உரிமைக்கும் போடுங்க" என்று பத்து முகவரி சொல்பவர்களை நான் தடுப்பதில்லை. அவர்கள் கோபத்துக்கு அது ஒரு வடிகால். தபால் செலவு அவர்களுடையது. ஆனால் பத்து முகவரிக்கும் போகிற மனு கடைசியில் ஒரே ரைட்டரின் மேசையில் பத்துக் கட்டாகச் சேரும் என்பதையும் சொல்லிவிடுவேன். சொன்னால் என்னை முறைப்பார்கள்.

அப்படிச் சேர்ந்த மனு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு மீது எடுத்த நடவடிக்கை அறிக்கையின் நகல் தேவை என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த வகையில் நிறைய அறிக்கைகள் என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் நடை எனக்கு மனப்பாடம். "மனுதாரர் விசாரணைக்கு ஆஜராகவில்லை." "மனுதாரரும் எதிர்மனுதாரரும் சமாதானமாகச் செல்வதாக எழுதிக் கொடுத்துள்ளனர்." "சிவில் தன்மையுடையது, நீதிமன்றத்தை அணுக அறிவுறுத்தப்பட்டது." முடிவில், "மேல் நடவடிக்கை தேவையில்லை." விசாரணைக்கு வரவில்லை என்று எழுதப்பட்டவர் ஸ்டேஷன் வாசலில் பிள்ளையோடு காத்திருந்த நாளில் என்னிடம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பார். சமாதானமாகப் போனதாக எழுதப்பட்டவர் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டதை மட்டும் நினைவு வைத்திருப்பார். மனு முடிந்துவிட்டது என்று மேலே பதில் போய்விடும். அங்கே கணக்கில் ஒரு புகார் குறைந்திருக்கும்.

சட்டத்தில் எந்தக் குறையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2008-ல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிறுமியைக் காணவில்லை. அப்பா கொடுத்த புகாரில் போலீஸ் அசையவில்லை. அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். அதுதான் லலிதா குமாரி வழக்கு. 2013 நவம்பர் 12-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும், புகார் உண்மையா பொய்யா என்று பார்ப்பது பதிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை என்றது. அமர்வுக்குத் தலைமை தாங்கிய தலைமை நீதிபதி நம் பவானிப் பக்கத்துக்காரர், பி. சதாசிவம். கணவன் மனைவி தகராறு, கொடுக்கல் வாங்கல், மருத்துவ அலட்சியம் போன்ற சிலவற்றில் மட்டும் முன்கூட்டியே விசாரிக்கலாம் என்று ஒரு சின்ன வாசல் விட்டார்கள். எங்கள் ஊரில் எல்லாப் புகாரும் அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் போகிறது. ஆட்டுத் திருட்டு உட்பட.

ஸ்டேஷனும் எஸ்.பி.யும் கைவிட்ட பிறகு மாஜிஸ்திரேட். விசாரிக்கச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. 156(3) என்று எல்லோருக்கும் பழகிய நம்பர், இப்போது 175(3). 2015-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. பொய்ப் புகார்களைத் தடுக்க, பிரமாணப் பத்திரம் வேண்டும், ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் முன்பே மனு கொடுத்ததைக் காட்ட வேண்டும் என்றது. நியாயமான கட்டுப்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வக்கீல் ஃபீஸ் கொடுக்க முடிந்தவருக்குத்தான் அந்த வழி. வாழைக்காரர் ஒரு தார் விற்ற காசோடு வக்கீலிடம் போனார். கோர்ட் உத்தரவு வந்த பிறகு எஃப்.ஐ.ஆர். விழுந்தது. சில மாதம் கழித்து, கண்டுபிடிக்க முடியவில்லை, கேசை முடிக்கிறோம் என்று ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தது. அதை வைத்து இன்சூரன்ஸ் பணம் வாங்கிவிட்டார். பென்டிரைவை யாரும் கேட்கவில்லை.

இந்தச் சுற்று எவ்வளவு தூரம் போகும் என்று நெல்லைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீக்குளித்து நால்வரும் இறந்தார்கள். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்திருந்தவர்கள். கந்துவட்டிக்கென்று 2003-லேயே தனிச் சட்டம் வந்தாகிவிட்டது. அந்தத் தீக்குளிப்புக்குப் பிறகு திங்கள்கிழமைகளில் வாசலில் போலீஸ் நிற்கிறது. பையைத் திறந்து பார்க்கிறார்கள், பாட்டிலை முகர்ந்து பார்க்கிறார்கள். இந்த மனு எத்தனையாவது மனு என்று கேட்பதற்கு அந்த வாசலில் ஆள் போடவில்லை.

2025 மார்ச் 18. நெல்லை டவுனில் அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். நிலத் தகராறு. தனக்கு மிரட்டல் இருக்கிறது, புகார் கொடுத்தும் பலனில்லை என்று அவர் முன்பே வீடியோவில் பேசியிருந்தார். பேசியவர் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். கொலைக்குப் பிறகு ஓர் இன்ஸ்பெக்டரையும் ஓர் உதவிக் கமிஷனரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த வாரம் என் கடைக்கு வந்தவர்களெல்லாம் இதையே கேட்டார்கள்: "அவருக்கே இந்தக் கதின்னா?" ஏட்டையா மட்டும் எதுவும் பேசாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை காரணம் சொல்லித் திருப்பக் கூடாது. ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளைக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். 90 நாளைக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும். அப்படித் தகவல் வந்ததாகச் சொன்ன ஒருவரை இதுவரை என் கடையில் பார்க்கவில்லை. கூடவே வேறு இரண்டும் வந்தன. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தலாம். சாதாரணத் திருட்டு இதில் அடங்கும். முன்பு சட்டத்துக்கு வெளியே நடந்த காத்திருப்புக்கு இப்போது செக்‌ஷன் நம்பர் கிடைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. சின்னத் திருடனை ஜெயிலுக்கு அனுப்பாதது நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்டேஷன் மேசையில் இது ஆட்டுக்கு விலை பேசும் வேலையாக மாறிவிட்டது. "குட்டி ஆடுதானம்மா, நாலாயிரம் தேறுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். ஆட்டைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி கொதித்துப்போய் வந்தாள். "சினை ஆடுய்யா அது! ரெண்டு குட்டி வயித்துக்குள்ள!" சந்தையில் சினை ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, விலையோடு சினையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் எந்தத் திருட்டு மனுவிலும் மதிப்பை முதல் பத்தியிலேயே போட்டுவிடுகிறேன்.

போன மாதம் வாழைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை பம்புசெட் மோட்டாரிலிருந்து கிணறு வரைக்கும் இருந்த காப்பர் ஒயரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாழை காய்கிறது. ஸ்டேஷனுக்கு மனு வேண்டாம், நேரே ஜட்ஜுக்கே அடியுங்கள் என்றார். அது முடியாது, முதலில் ஸ்டேஷன், பிறகு எஸ்.பி., அதற்கான அத்தாட்சி இருந்தால்தான் கோர்ட் வாங்கும் என்று அவருக்கே தெரிந்ததைத் திரும்பச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. மூணையும் இப்பவே அடிச்சுருங்க. தேதியை மட்டும் வெறுசா விட்ருங்க. நான் ஒவ்வொருக்க வந்து காத்துக் கிடக்க முடியாதுல்லா."

முதல் இரண்டையும் அடித்துக் கொடுத்தேன். மூன்றாவதற்கு வக்கீலிடம் போகச் சொன்னேன். பிரமாணப் பத்திரம் வக்கீல் வேலை, நான் அதில் கை வைப்பதில்லை.